கோணத் தெரியாத கை

“கவுத்துப் பாக்குறாங்க. கவுத்துப் பாத்துட்டு வெச்சுட்டுப் போயிடுறாங்க.”

சிரில் டிராண்டர் சொன்ன மாதிரியே இத சொல்லணும்னா மூக்க லேசா அடைச்சுக்கணும். கடைசி வார்த்தைய கரி மூட்டைய எறக்குற மாதிரி தொப்புனு கீழ போடணும். மழை பெஞ்சாலும் இதான், வெயிலடிச்சாலும் இதான். பொண்டாட்டி ஐவி டீ கொண்டாந்து வெச்சா, நன்றி சொல்ல வேண்டிய எடத்துல இதச் சொல்லுவாரு. பல்லு புடுங்கப் போனப்ப வாயில பஞ்சோட டாக்டர்கிட்டயும் இதத்தான் சொன்னாருன்னு பக்கத்துக் கடை கிளெனிஸ் அடிச்சுச் சொல்லுவா. கிளெனிஸ் வேல்ஸ்காரி, தோல் பெல்ட்டு செஞ்சு விக்கிறவ. அவ சொல்றதுல பாதி பொய்யா இருக்கும். இது பொய்யா இருக்க வாய்ப்பில்ல.

சிரில் வித்தது மரக் கிண்ணம், கடைசல் எந்திரத்துல கடைஞ்சது. வெல எழுதின சீட்டு அடியில ஒட்டியிருக்கும். வர்றவங்க மொதல்ல தடவுவாங்க. இந்த ஊருல மனுசன மனுசன் தொட மாட்டான், மரக் கிண்ணத்தக் கண்டா மட்டும் பூனைக்குட்டிய தடவுற மாதிரி தடவுவான். “என்னா மழமழப்பு, ஆர்தர், தொட்டுப் பாரேன்”னு ஒரு அம்மா ஆரம்பிப்பாங்க. பேச்சு நிக்காது, கண்ணு வேற கடையப் பாத்துக்கிட்டிருக்கும், கை மட்டும் தானா கிண்ணத்தக் கவுக்கும். “ரொம்ப அழகா இருக்கு”ம்பாங்க, குரல் ஒரு படி எறங்கியிருக்கும். கிண்ணம் பழைய எடத்துக்கே வந்துரும். கூட வந்த புருசன் ஆர்தர் போற போக்குல சிரில் காதுல விழுற மாதிரியே சொல்லுவான்: “இதென்ன பெரிய வித்தை. நம்ம ஷெட்டுலயே மெஷின் கெடக்கு. ஒரு ஞாயித்துக்கெழம வேலை.”

அந்த ஞாயித்துக்கெழம எந்த வருசமும் வந்ததா தெரியல.

சிரில் பொறந்து வளந்தது இங்கிலாந்துல டட்லி பக்கம், பொகைக்கூண்டுக்கு நடுவுல. மாட்டக் கிட்டத்துல பாத்ததே கலியாணத்துக்கு அப்புறந்தான். பதினஞ்சு வயசுல வார்ப்படப் பட்டறைக்குள்ள போனவரு, முப்பத்தேழு வருசம் அங்கதான். மர அச்சு செய்யற வேலை. உருக்கின இரும்ப ஊத்துறதுக்கு மண்ணுல பள்ளம் பதிக்கணுமே, அந்தப் பள்ளத்துக்கு மொதல்ல மரத்துல உருவம் செஞ்சு குடுக்குற கை இவரு கை. அச்சு மயிரிழை கோணினா, அதுலேருந்து வார்க்குற ஆயிரம் இரும்பும் கோணும். அதனால சிரிலுக்குக் கோணல்னா திருட்டு மாதிரி. ஐவி ரொட்டிய கோணலா அறுத்து வெச்சாக்கூட ஒரு நிமிசம் தட்டையே பாத்துக்கிட்டு இருப்பாரு.

எண்பதுல பட்டறைய மூடிட்டாங்க. அம்பத்திரெண்டு வயசு. போகும்போது குடுத்த தொகையில ஒரு கடைசல் எந்திரம் வாங்கி ஷெட்டுல போட்டாரு, அங்க நின்ன கார் தெருவுக்குப் போச்சு. அந்த வருசம் அந்தப் பக்கத்துல வேலை போன ஆம்பளைங்க பாதிப் பேரு எதையாவது வாங்கி ஷெட்டுல போட்டாங்க. ஒருத்தன் மெழுகுவத்தி ஊத்துனான், ஒருத்தன் கண்ணாடியில மீன் செஞ்சான், கிரேன் ஓட்டுன ஒருத்தன் காஞ்ச பூவ அட்டையில ஒட்டுனான். எல்ம் மரமெல்லாம் நோய் வந்து செத்துக்கிட்டிருந்த காலம், மரத்துக்குப் பஞ்சமில்ல.

மொத சந்தை ஒரு கிராமத்து சர்ச் ஹால்ல. பதினோரு மேசை, ஒரு ஓரத்துல டீயும் கேக்கும். சிரில் பன்னெண்டு கிண்ணம் கொண்டு போனாரு. சாயங்காலத்துக்குள்ள பன்னெண்டும் போச்சு. ஒரு வயசானவரு கிண்ணத்த மேசை மேல வெச்சு பம்பரம் மாதிரி சுத்தி விட்டாரு. அது சுத்துதா நிக்குதான்னே தெரியல. “ஆடவே இல்ல பாருங்க”ன்னாரு. சுத்தி நின்ன நாலு பேரு குனிஞ்சு பாத்தாங்க. சிரிலுக்குக் காது ரெண்டும் செவந்துபோச்சு. பட்டறையில நல்லா செஞ்சா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அதுதான் அங்க பாராட்டு. முப்பத்தேழு வருசம் கழிச்சு மொதமொறையா ஒருத்தரு வாயத் தெறந்து சொல்லிட்டாரு.

“அன்னிக்கு ரெண்டு கிண்ணம் மிஞ்சியிருந்தா இந்த ஆச அப்பவே போயிருக்கும், நாம பொழச்சிருப்போம், சிரில்”னு ஐவி பின்னாடி எத்தனையோ தடவ சொல்லிட்டா.

அந்த ஹால் சந்தைய நடத்துனது மிஸஸ் லவீனியா ஸ்டாண்டிஷ். பெரிய மாளிகை, பெரிய நெலம், கூரை ஒழுகுற வீட்டுக்குச் சொந்தக்காரி. ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிற குதிரையக் கூப்புடற மாதிரிதான் யாருகிட்டயும் பேசுவாங்க. “சிரில் டியர், நீங்க ஒரு பொக்கிஷம்”னு அவங்க சொன்னப்ப தெருவுல போன ரெண்டு பேரு திரும்பிப் பாத்தாங்க. அடுத்த வருசம் சந்தைய தன் மாளிகை பின்பக்கப் புல்வெளிக்கு மாத்துனாங்க. கூரைக்கு ஓடு வாங்கணுமே.

அப்புறம் அது வளந்த வளர்ச்சி இருக்கே. நாப்பது மேசை. மறுவருசம் கூடாரம். அதுக்கப்புறம் மூணு கூடாரம், ஆகஸ்ட் லீவுல மூணு நாளு. நாய் ஆட்ட மேய்க்கிறதக் காட்டுனாங்க, அடுத்து நாய் வாத்த மேய்க்கிறதக் காட்டுனாங்க. பருந்து வந்துச்சு. குழாய்க்குள்ள கீரி ஓட்டப்பந்தயம் வந்துச்சு. பழைய டிராக்டர் ஊர்வலம், பன்னி வறுவல், பச்சை ரப்பர் பூட்சு, தோட்டத்துல போடற வெந்நித் தொட்டி. நகரத்துலேருந்து கார் கார்ரா வந்தாங்க, மூணு மைலுக்கு வரிசை. ஹால்ல எரநூறு பேரு வந்தப்ப பன்னெண்டு கிண்ணம் போச்சு. திடல்ல இருபதாயிரம் பேரு வந்தப்பயும் ஏறக்கொறைய அதே பன்னெண்டுதான். மத்தவங்கெல்லாம் கவுத்துப் பாத்தவங்க.

கூட்டம் சேந்த எடத்துக்கு ஆலைச் சரக்கும் வந்துச்சு. எங்கேயோ மெஷின்ல அடிச்சத பெட்டி பெட்டியா எறக்கி, மேல ஒரு கோணித் துணியப் போட்டு, ‘கைவினை’ன்னு அட்டை மாட்டி விக்க ஆரம்பிச்சாங்க. கடைக்காரங்க கூட்டம் போட்டாங்க. அதுல மொதல்ல கை தூக்குனது யாருன்னா நம்ம சிரில்தான். வாழ்க்கையிலயே மொதமொறையா எந்திரிச்சு நின்னு பேசுனாரு.

“ஆலைச் சரக்க உள்ள விடக் கூடாது. ஒரு கமிட்டி போடணும். கடை கடையாப் போய் ஒவ்வொண்ணையும் எடுத்துப் பாக்கணும். தயவு தாட்சண்யம் கூடாது.”

எல்லாரும் கை தட்டுனாங்க. கமிட்டி போட்டாங்க. மிஸஸ் ஸ்டாண்டிஷ் தலைவி. கூட பியர்ஸ்னு ஒரு இளவட்டம், கலைக் கல்லூரியில மண்பானை படிச்சவன். அவன் பேச்சு எப்பவும் கொஞ்சம் தூங்கி எந்திரிச்ச பேச்சு, ஒவ்வொரு வாக்கியமும் நடுவுல போய்ப் படுத்துக்கும். “அதாவது... நான் என்ன உணர்றேன்னா...” அப்படி.

கமிட்டி கடை கடையா வந்து சிரில் கடைக்கும் வந்துச்சு. மேசை மேல ஏழு கிண்ணம் வரிசையா. பியர்ஸ் ஒண்ண எடுத்தான், அடுத்தத எடுத்தான், ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சான். கச்சிதமா உக்காந்துச்சு.

“இதெல்லாம்... ஒண்ணு போலவே இருக்கே.”

“ஆமா சார். செட்டு.”

“கையால செஞ்சா எப்படி ஒண்ணு போல இருக்கும்?”

சிரிலுக்கு மொதல்ல கேள்வியே புரியல. “கையால செஞ்சதாலதான் சார். மெஷின விட்டா அது பாட்டுக்கு ஓடும். கையாலன்னா அளந்து அளந்து செய்யலாம்.”

“அளந்து”ன்னு பியர்ஸ் அட்டையில எழுதிக்கிட்டான், என்னமோ நோய் பேரு எழுதுற மாதிரி.

பக்கத்துக் கடையிலேருந்து கிளெனிஸ் எட்டிப் பாத்தா. “ஒத்துக்கிடு சிரில், ராத்திரி கப்பல்ல வந்து எறங்குச்சுன்னு சொல்லிரு.”

“நீ சும்மா இரு, கிளெனிஸ்.”

அவரு கேட்டது ஒண்ணுதான்: உங்க முன்னாடியே செஞ்சு காட்டுறேன், பாத்துட்டு முடிவு பண்ணுங்க. சரின்னாங்க. கடைக்குக் கொண்டாந்திருந்த எந்திரத்த ஓட்டி, ஒரு சிக்கமோர் கட்டைய மாட்டி, அவங்க கண்ணு முன்னாடியே கடைஞ்சாரு. அளவெடுக்குற இடுக்கியத் தொடக்கூட இல்ல, கண்ணளவுலயே. முடிஞ்சதும் அந்த ஏழோட எட்டாவதா அடுக்குனாரு. உக்காந்துச்சு. கூட்டம் கூடியிருந்துச்சு, யாரோ ரெண்டு பேரு கை தட்டுனாங்க.

மிஸஸ் ஸ்டாண்டிஷ் அவர ஓரமாக் கூட்டிட்டுப் போனாங்க. அவங்களுக்கு ஓரம்னாலும் மூணு கடைக்குக் கேக்கும்.

“சிரில் டியர், நீங்கதான் செஞ்சீங்க, யாரும் மறுக்கல. ஆனா நான் என்ன சொல்றேன்னா, ஜனங்க இவ்ளோ தூரம் வண்டிய ஓட்டிக்கிட்டு சுத்தத்துக்கா வர்றாங்க? சுத்தம் அவங்க ஊரு கடையிலயே கெடைக்குது. கொஞ்சம் உளி தெரியற மாதிரி. கொஞ்சம் மேடு பள்ளமா. மனுசன் கை பட்ட மாதிரி.”

“இதுல பட்டது மனுசன் கைதாங்க.”

“தெரியும் டியர். தெரியற மாதிரி படணும்.”

சிரில் முடியாதுன்னுட்டாரு. மறுவருசம் அவரு எடம் நடுக்கூடாரத்துலேருந்து மூணாவது கூடாரத்துக் கோடிக்குப் போச்சு. ஒரு பக்கம் ஜெனரேட்டரு, இன்னொரு பக்கம் கழிப்பறைக்கு நிக்கிற வரிசை. வரிசையில நின்னவங்க பொழுது போகாம கிண்ணத்தக் கவுத்துப் பாத்தாங்க. மூணு நாள்ல ரெண்டு போச்சு. அதுல ஒண்ணு அவசரத்துல முந்திப் போக எடம் கேட்ட அம்மா வெக்கப்பட்டு வாங்குனது.

வீட்டுக்கு வந்து ஐவி கோட்டக்கூட கழட்டாம உக்காந்துட்டா.

“கோணலா செஞ்சுதான் குடேன், சிரில்.”

“நீயும் சொல்றியா?”

“அம்பத்தெட்டு வயசாச்சு உனக்கு. இனிமே உன்ன எவன் வேலைக்குக் கூப்புடறான்? கையிருப்போட அந்த மூணு நாளையும் சேத்துத்தான் வருசமே ஓடுது. ஊரு ஒலகமெல்லாம் கோணலா செஞ்சுட்டு மன்னிப்புக் கேக்குது, நீ நேரா செஞ்சுட்டு மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்க.”

குளிர்காலத்துல ஷெட்டுக்குள்ள போய்க் கோணலாக் கடையக் கத்துக்கிட ஆரம்பிச்சாரு.

அது ஒண்ணும் சுலபமா வரல. கண்ண மூடிக்கிட்டு உளிய விட்டாரு, வழுவழுன்னு வந்து நின்னுச்சு. கண்ணத் தெறந்து வெச்சுக்கிட்டே வேணும்னு ஒரு அழுத்து அழுத்துனாரு. பள்ளம் விழுந்துச்சு, மறு நொடி கை தானாப் போய் அத வழிச்சு சமமாக்கிருச்சு. கைய அதட்டுனாரு. கை கேக்கல. ஐவி ஷெட்டு வாசல்ல டீக் கப்போட நின்னு தீர்ப்புச் சொல்லுவா.

“இது?”

“இன்னும் நேராத்தான் இருக்கு.”

“இது?”

“கோணல்தான். ஆனா நல்ல கோணல் இல்ல. மாடியிலேருந்து விழுந்த மாதிரி இருக்கு.”

“நல்ல கோணல்னா எப்படிடி இருக்கும்?”

“எனக்கென்ன தெரியும். பாத்தா பாவமா இருக்கணும், ஆனா வாங்கலாம் போலவும் இருக்கணும்.”

கடைசியில எடது கைக்கு மாத்துனாரு. மூணு வாரத்துல ஷெட்டுல ஒரு மூட்டை வெறகு சேந்துச்சு, ஐவி சொன்ன மாதிரி ஒண்ணு வந்துச்சு. ஓரம் ஒரு பக்கம் தூக்கி, வயித்துல உளி வரி வரியா, அடி லேசா ஆடிக்கிட்டு. சிரில் அத துணி போட்டு மூடித்தான் வெச்சாரு.

ஆகஸ்ட்ல நடுக்கூடாரம் திரும்பக் கெடைச்சுது. கூடவே வேற சிலதும் கெடைச்சுது. மின்சார எந்திரத்த வீட்டுல வெச்சுட்டு வரச் சொல்லிட்டாங்க, கால்ல மிதிச்சு ஓட்டுற பழங்காலத்துக் கடைசல் ஒண்ண மாளிகைக் கொட்டாயிலேருந்து எடுத்துக் குடுத்தாங்க. கம்பளி வெய்ஸ்ட்கோட்டு, கழுத்துக்கு செவப்புத் துணி, வைக்கோல் தொப்பி. ஒலிபெருக்கியில ஒருத்தரு அரை மணிக்கொரு தரம், உருளைக்கெழங்க வாயில வெச்ச மாதிரி: “நடுக்கூடாரத்துக்கு வாருங்கள்... நாலு தலைமுறையாகக் காட்டோடு வாழும் சிரில்...”

கிளெனிஸுக்கு சந்தோசம் தாங்கல. “நாலு தலைமொறக் காட்டுவாசியே, அந்தா கத்துதே, அது என்ன பறவ, சொல்லு.”

சிரில் காதக் குடுத்துக் கேட்டாரு. “காக்கா.”

“புறா, ராசா. நாளைக்கு மாட்டக் காட்டி என்னன்னு கேக்குறேன், ராத்திரி படிச்சுட்டு வா.”

கோணல் கிண்ணமெல்லாம் போச்சு. ரெண்டாவது நாள் மத்தியானத்துக்குள்ள போச்சு. தடவுனாங்க, வரியில வெரல விட்டாங்க, “கையால செஞ்சதுன்னு பாத்தாலே தெரியுது, ஆர்தர்”ன்னாங்க. கவுத்துப் பாத்தாங்க, குரல் எறங்கல. சிரில் காகிதத்துல சுத்திக் குடுத்துக்கிட்டே இருந்தாரு, ஒருத்தரு மொகத்தையும் நிமிந்து பாக்கல. அன்னியோட அந்தப் பழைய பொலம்பலும் நின்னுபோச்சு. பொலம்பல் நின்னதுக்கு அப்புறந்தான் ஐவிக்குப் பயம் வந்துச்சு.

அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஆச. ஒவ்வொரு சந்தைக்கும் வலது கையால ஒண்ணே ஒண்ணு, பட்டறையில செய்யற மாதிரி செஞ்சு, மேசைக் கோடியில வெப்பாரு. முன்பின் தெரியாத ஒரு ஆளு, யாரும் எடுத்துச் சொல்லாம, நேரா இருக்குங்கறதுக்காகவே அத வாங்கிட்டுப் போகணும். ஒருத்தர் போதும். ஒருத்தர் வாங்கிட்டா, ஹால்ல நடந்தது கனவு இல்லன்னு ஆயிரும். மொத வருசம் யாரும் வாங்கல. ரெண்டாவது வருசம் ஒரு கொழந்த எடுத்துத் தலையில கவுத்துக்கிச்சு. மூணாவது வருசம் ஒருத்தன் கேட்டான்: “இது ஏன் இப்படி இருக்கு, முடிக்கலையா?”

நாலாவது வருசம் பச்சைக் கோட்டு போட்ட ஒரு பொண்ணு வந்தா. இருபத்தஞ்சு வயசு இருக்கும். கோணலையெல்லாம் தாண்டி நேராக் கோடிக்குப் போனா. எடுத்தா. கவுக்கல. ஓரத்துல வெரல வெச்சு ஒரு சுத்து சுத்தி வந்தா.

“இது மட்டும் வேற மாதிரி இருக்கே. இதுவும் நீங்க செஞ்சதா?”

“இதுதாம்மா நான் செஞ்சது”ன்னாரு சிரில்.

“இத எடுத்துக்கறேன்.”

சிரில் சுத்துற காகிதத்த ரெண்டு தடவ கீழ போட்டாரு. மூணு தாளு சுத்துனாரு. அவ போனப்புறம் தொப்பியக் கழட்டி மேசை மேல வெச்சாரு. கிளெனிஸ் ஒரு கப் டீய கொண்டாந்து மேசையில வெச்சுட்டுப் போனா. வீட்டுக்குப் போற வழியில சிரிலும் ஐவியும் வேன நிறுத்தி மீனும் கெழங்கு வறுவலும் வாங்கி, மடியில காகிதத்த விரிச்சு ரெண்டு பேரும் தின்னாங்க. சிரில் பாடுனாரு. அவருக்குப் பாட வரும்னு முப்பது வருசத்துல ஐவிக்கே தெரியாது. வரலதான், ஆனாலும் பாடுனாரு.

மறு வசந்தத்துல கடைக்காரங்கள பொறுக்குற நாளு. பழைய ஆளுங்க படிவத்தக் குடுத்துட்டு வந்தாப் போதும். சிரில் கமிட்டிக் கூடாரத்துக்குப் போனாரு. உள்ள புதுசா எடம் கேட்டு வந்தவங்க வரிசையா நிக்கிறாங்க. வரிசைக்கு முன்னாடி ஒரு சின்ன மேசை, மேல வெள்ளைத் துணி, துணி மேல ரெண்டு கிண்ணம். ஒண்ணுக்கு முன்னாடி அட்டை: ‘இது மாதிரி கொண்டு வாங்க.’ எடது கையால கடைஞ்சது. இன்னொண்ணுக்கு முன்னாடி அட்டை: ‘இது மாதிரி வேண்டாம். ஆலைச் சரக்கு போல இருக்கும் எதுக்கும் எடமில்லை.’ மூணு தாளு சுத்திக் குடுத்தது.

ரெண்டும் அவருது.

மேசைக்குப் பின்னாடி பச்சைக் கோட்டுப் பொண்ணு பேரு எழுதிக்கிட்டிருந்தா. நிமிந்து பாத்து, யாருன்னு அடையாளம் தெரியாம, “படிவத்த அந்தப் பெட்டியில போடுங்க”ன்னா. வைக்கோல் தொப்பி இல்லாம அவரு வேற ஆளு.

பியர்ஸ் வந்தான். “ஓ... சிரில். அத பாத்தீங்களா? ரொம்ப... ரொம்ப உதவியா இருக்கு. முன்னாடியெல்லாம் மணிக்கணக்கா வெளக்குவோம். இப்ப ஒரு பார்வையில புரிஞ்சுக்கறாங்க.”

“அத நான் செஞ்சேன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும். அதனாலதான்... அதாவது, ஒரே கை, ரெண்டு மாதிரி. எவ்ளோ தெளிவா இருக்கு.”

“திருப்பிக் குடுப்பீங்களா?”

“சீசன் முடியட்டுமே.”

சிரில் படிவத்தப் பெட்டியில போட்டுட்டு வந்தாரு. வேன்ல ஐவி, “என்னாச்சு?”ன்னா. “ஒண்ணும் ஆகல”ன்னாரு. ஒரு வாரம் கழிச்சு கிளெனிஸ் போன்ல சொல்லித்தான் ஐவி தெரிஞ்சுக்கிட்டா. தெரிஞ்சதும் தோட்டத்துப் பக்கம் போய் நின்னுக்கிட்டா, மழையில.

அந்த வருசம் மேசைக் கோடி காலியாத்தான் கெடந்துச்சு. அதுக்கு அடுத்த வருசமும். மூணாவது வருசம் ஒரு நாள், என்ன தோணுச்சோ, வலது கையால ஒண்ணு செஞ்சு பாப்போம்னு ஷெட்டுக்குப் போனாரு. விக்கிறதுக்கு இல்ல, சும்மாதான். நல்ல செர்ரி மரம். உளிய வெச்சாரு. ஓரம் ஒரு பக்கம் தூக்கிருச்சு. வழிச்சாரு, அடுத்த பக்கம் தூக்குச்சு. மரத்துல கோளாறுன்னு வேற கட்டைய மாட்டுனாரு. அதுலயும் வரி வரியா விழுந்துச்சு. எந்திரத்த நிறுத்திட்டு கைய வெளிச்சத்துல நீட்டிப் பாத்தாரு. கட்டை விரல் தனியா, அது பாட்டுக்கு, ஏதோ மாத்திரை உருட்டுற மாதிரி ஆடிக்கிட்டிருந்துச்சு.

நடுக்கத்துக்கு டாக்டர் ஒரு பேரு சொன்னாரு, மாத்திரையும் குடுத்தாரு. நிக்காதுன்னும் சொன்னாரு.

இனி எடது கையத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்ல. எப்படிச் செஞ்சாலும் அவங்க கேட்டது வந்துச்சு. அந்த ஆகஸ்ட்ல சந்தையோட மொதப் பரிசு சிரில் டிராண்டருக்கு. நடுத் திடல்ல, பருந்து பறந்து முடிச்சதுக்கும் வாத்து வர்றதுக்கும் நடுவுல இருந்த அஞ்சு நிமிசத்துல, ஒலிபெருக்கிய பியர்ஸ் வாங்கிப் பேசுனான்.

“சிரில எனக்குப் பல வருசமாத் தெரியும். மொதல்லயெல்லாம் அவருகிட்ட ஒரு... ஒரு இறுக்கம் இருந்துச்சு. இந்த வருசந்தான் அவரு தன்ன விட்டுட்டாரு. கை தானாப் பேசுது.”

ஊரே தட்டுச்சு. மிஸஸ் ஸ்டாண்டிஷ் நீல ரிப்பன் பூவ அவரு வெய்ஸ்ட்கோட்டுல குத்துனாங்க. அதப் புடிச்சுக்கப் போன சிரில் கையில பூ படபடன்னு அடிச்சுது. காத்துன்னு நெனைச்சவங்க நெனைச்சுக்கிட்டாங்க. கூட்டத்துல முன்வரிசையில நின்ன கிளெனிஸ் மட்டும் தட்டிக்கிட்டிருந்த கைய நிறுத்திட்டா. கடைக்குத் திரும்புனதும் அவரு கிண்ணமெல்லாம் தானே காகிதத்துல சுத்தி சுத்திக் குடுத்தா, அவரு நாற்காலியில உக்காந்திருந்தாரு. நாப்பத்தாறு போச்சு. அந்தத் திடல்ல ஒருத்தரும் அவ்ளோ வித்ததில்ல.

“எத்தன நாளா?”ன்னா கடைசியில.

“போன பனிக்காலத்துலேருந்து.”

“ஐவிக்குத் தெரியுமா?”

“சட்டைப் பொத்தான அவதான் போட்டு விடுறா.”

அதுக்கு அடுத்த ரெண்டு வருசம் கிண்ணத்துக்கு முன்பதிவு போட்டுக் காத்திருந்தாங்க. மூணாவது வருசம் மிதிக்கிறதுக்குக் காலும் ஒத்து வரல. அந்த மிதிக் கடைசல மாளிகைக்கே திருப்பி அனுப்பிட்டாரு. எந்திரம் ஷெட்டுல துணி மூடிக் கெடந்துச்சு. ஐவி கரண்டியால ஊட்டி விட, சிந்துனத தொடைக்க, அவரு சன்னல் வழியா தெருவுல நிக்கிற காரையே பாத்துக்கிட்டிருந்தாரு.

கடைசியா அவரச் சேத்திருந்த ஆஸ்பத்திரிக்கு மிஸஸ் ஸ்டாண்டிஷ் ஒரு மத்தியானம் வந்தாங்க. சந்தையில விக்கிற பால்கோவா மாதிரி மிட்டாயி ஒரு பெட்டி, முழுங்க முடியாத மனுசனுக்கு. வார்டு முழுக்க நோயாளிங்க முழிச்சுக்கிட்டாங்க.

“சிரில் டியர், நல்ல சேதி. கமிட்டியில ஒருமனசா முடிவு பண்ணிட்டோம். உங்க பேருல ஒரு கோப்பை. சிரில் டிராண்டர் கோப்பை, ஒவ்வொரு ஆகஸ்டும். அளவு கோலு ஒண்ணும் இல்லாம, மனசு போன போக்குல, கை போன போக்குல செய்யறாங்க பாருங்க, உங்கள மாதிரி, அவங்களுக்கு. இந்த வருசம் முன்னூத்தம்பது கடை, உங்களுக்குத் தெரியுமா? எல்லாம் நீங்க போட்ட வழி. என்ன சொல்றீங்க?”

ஐவி அவரு தோளப் புடிச்சுத் தூக்கி தலகாணியில சாய்ச்சு வெச்சா. சிரிலுக்கு அப்ப பேச்சு மெதுவாத்தான் வரும், ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா அளந்து எடுத்து வைக்கணும். எடுத்து வெச்சாரு. அதுக்கப்புறம் ரெண்டு நாளு இருந்தாரு, ஆனா யாருகிட்டயும் பேசல. அன்னிக்கு அந்தம்மாகிட்ட சொன்னது இதான்:

“வைங்க, மிஸஸ் ஸ்டாண்டிஷ். பேரத் தாராளமா எடுத்துக்கங்க, எனக்கு இனிமே அது வேண்டியிருக்காது. ஆனா இருக்குறதுலயே கோணலாச் செஞ்சவன்கிட்ட கோப்பையக் குடுக்கறதுக்கு முன்னாடி, அவன் கையப் புடிச்சுப் பாருங்க. நடுங்கலன்னா அவன் உங்கள ஏமாத்துறான், வெரட்டி விடுங்க. நடுங்குச்சுன்னா அவன் ஒடம்பு முடியாதவன், அவனுக்குக் கோப்பையெல்லாம் வேண்டாம், ஒரு நாற்காலியப் போட்டு உக்கார வைங்க.”